சுலைகா பீவி இறக்கிய கூடை

கடற்கரையில் பிறந்து கடற்கரையிலேயே வாழ்க்கைப்பட்ட ஒருத்தி கடலுக்குப் பயப்படுகிறாள் என்றால் யாரும் ஒப்புக்கொள்வார்கள். சுலைகா பீவி பயந்தது கடலுக்கு அல்ல, ஒரு கூடைக்கு. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிரிக்கத்தான் செய்தார்கள், முதலில்.

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவே பாறைத்துறை என்றொரு கரை. மேற்கே பள்ளிவாசல், கிழக்கே சிலுவை நட்டு மெழுகுதிரி ஏற்றுகிற குருசடி, இரண்டுக்கும் இடையே ஒரு மணல்மேட்டில் சுங்கம் பார்க்கிற சின்னக் கட்டடம். ஊரார் வாயில் அது சவுக்கை. சவுக்கை முற்றத்தில் நெடுநெடுவென்று ஒரு கொடிமரம் நின்றது. கடலில் பெருங்காற்று வரப்போகிறது என்று குளச்சலுக்குத் தந்தி வந்தால் அங்கிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து சொல்வான். உடனே சவுக்கைச் சேவகன் தங்கப்பன் ஒரு கறுப்புக் கூடையைக் கயிற்றில் கட்டி மரத்தின் உச்சிக்கு ஏற்றுவான். பிரம்பில் கூம்பாகப் பின்னி, மேலே கித்தான் போர்த்தி, தார் பூசிய கூடை அது. நடுக்கடலில் நிற்கிறவன் கண்ணுக்குக்கூடத் தெரியும். கண்டதும் வலையை வாரிப் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான்.

இதையெல்லாம் சுலைகாவுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளத்துக்கு அடுத்த வருசம் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து அபுதாஹிருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவளுடைய வாப்பா கயிறு வியாபாரி. வீட்டில் யாரும் கடலில் இறங்கியவர்கள் இல்லை. வந்த சில மாதத்தில், ஒரு கார்த்திகை நாள், வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் தண்ணீர் கோரிக்கொண்டு நின்றவள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். கறுப்பாக ஒன்று மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடல் அசையவில்லை. தென்னை ஓலை அசையவில்லை. சாயங்காலம் அடித்த காற்றில் கூரை பறந்தது. அபுதாஹிரின் தம்பி சலாஹுதீன் போன வள்ளம் திரும்பவில்லை. பத்தொன்பது வயதுப் பையன்; மைனி மைனி என்று அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தவன்.

வீடு முழுவதும் ஓலமிட்டு அழுதபோது சுலைகாவின் மனதில் ஒன்றுதான் நின்றது. முதலில் கூடை ஏறியது, பிறகு காற்று வந்தது.

அன்று முதல் அவளுக்குக் கண் கொடிமரத்தில்தான். காலையில் எழுந்தால் முதலில் அதைப் பார்ப்பாள், பிறகுதான் அடுப்பு. மரம் வெறுமனே நின்றால் அன்றைக்குச் சோறு இறங்கும். கூடை ஏறிய நாட்களில் உப்பை இரண்டு தடவை போடுவாள். வாசலை மேற்குப் பக்கம் மாற்றி வைக்கலாமா என்று ஒரு முறை கேட்டாள். வாசலை மாற்றினால் கூடை தெரியாது, தெரியாமல் போனால் இன்னும் பயம் என்று அவளே வேண்டாம் என்றும் சொன்னாள்.

பயந்தவள் சும்மாவும் பயப்படவில்லை. கணக்குப் பார்த்துத்தான் பயந்தாள், அதுதான் இதில் உள்ள கஷ்டம். கூடை ஏறிய பிறகு காற்று வந்ததை ஒன்றுக்கு நாலு தடவை கண்டிருந்தாள். கூடை ஏறாத நாளில் அப்படி ஒரு காற்று வந்து அவள் கண்டதில்லை. ஏறியும் காற்று வராத நாட்கள் உண்டு, இல்லாமல் இல்லை. அந்த நாட்களை அவள் நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தாள். அந்த நாட்களில் எல்லாம் தங்கப்பன் கூடையைச் சீக்கிரம் இறக்கியிருந்தான்.

அபுதாஹிர் நல்ல மனுசன். பெண்டாட்டியைக் கிண்டல் பண்ணுவானே தவிர அதட்டமாட்டான்.

"ஏட்டி, காத்து வரப்போவுதுண்ணு எங்கயோ தூரத்துல கண்டுபிடிச்சு தந்தி அடிக்கான். அதக் கேட்டு தங்கப்பன் கூடைய ஏத்துகான். கூடைக்கும் காத்துக்கும் என்ன ஏட்டி சம்பந்தம்?"

"வராத காத்து எவனுக்குத் தெரியும்? அல்லாஹ்வுக்கில்லா தெரியும்?" என்றாள் சுலைகா. "கூடை ஏறாம பெருங்காத்து வந்திருக்கா? ஒரு நாள் சொல்லுங்க."

அபுதாஹிர் வேறு வழியாக வந்தான். 

"சரி, நான் கடலுக்குப் போவும்போதெல்லாம் நீ அழுத. நானும் திரும்பி வந்துட்டேன். உனக்க அழுகையா என்னைக் கொண்டுவருது?"

"பின்னே?" என்றாள் அவள்.

அபுதாஹிருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவள் சிரிக்கவில்லை. மறுநாளும் அழுதாள்.

கிணற்றடியில், சந்தையில், மீன் ஏலம் போடுகிற இடத்தில் என்று அவள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆரம்பத்தில் சிரித்த பெண்கள் ஒவ்வொரு காற்றுக்குப் பிறகும் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள். குருசடிப் பக்கத்து ஞானசெல்வி அவளைவிட மூத்தவள், மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குழித்துறை வரை நடந்து விற்றுவருகிறவள், யாருக்கும் பயப்படாதவள். அவளே ஒரு நாள், "நீ சொல்லியதுலயும் ஒரு இது இருக்கு கேட்டியா" என்றாள். ஞானசெல்வியின் புருசன் செல்வதாஸும் அபுதாஹிரும் கடலில் ஒரே இடத்தில் வலைபோடுகிறவர்கள். இரண்டு பெண்களும் ஒரே திசையைப் பார்த்துக் காத்திருப்பவர்கள்.

இப்படி வருசங்கள் போயின. கொல்லம் ஆயிரத்து நூற்றாறாம் ஆண்டு ஐப்பசி வந்தது.

அன்று விடியும் முன்பே வள்ளங்கள் இறங்கியிருந்தன. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருக்க, சுலைகா மறுபடியும் வாசலுக்கு வந்து பார்த்தாள். கூடை பாதி மரத்தில் இருந்தது. ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஓடினாள். அதுவரை அவள் சவுக்கை முற்றத்தில் கால்வைத்தவள் இல்லை. தங்கப்பன் கயிற்றை முளையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இறக்கிருங்க. உங்களுக்குப் புண்ணியமாட்டு போவும். அவிய கடல்ல நிக்காவ."

"அதுக்குத்தானே பிள்ளே ஏத்துகேன்," என்றான் தங்கப்பன். "கண்டா வந்துருவான்லா."

"போன ஆவணில ஏத்தினிய, உடனே இறக்கினிய. காத்து வரல்லியே."

"அண்ணைக்கு காத்து வேற பக்கமா போயிட்டுண்ணு ரெண்டாமத்த தந்தி வந்தது. அதனால இறக்கினேன்."

இறக்கினேன் என்ற சொல் மட்டுமே சுலைகாவின் காதில் விழுந்தது. இறக்கினால் காற்று வராது. இத்தனை வருசமாக அவள் கண்டுவைத்ததை இவனே தன் வாயால் ஒப்புக்கொள்கிறான். இறக்க மட்டும் மாட்டேன் என்கிறான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தங்கப்பன் இரக்கப்பட்டு, வீட்டுக்குப் போ பிள்ளே என்று சொல்லிவிட்டு, கஞ்சி குடித்துவிட்டு வரலாம் என்று மேட்டின் பின்புறம் இறங்கிப் போனான். அவன் அப்படிப் போகக் கூடாதுதான். கூடை ஏறியபிறகு அதற்குக் காவல் எதற்கு என்று நினைத்திருப்பான்.

முற்றத்தில் அவளும் கொடிமரமும் மட்டும் நின்றார்கள்.  திருட்டு என்பார்கள், சர்க்கார் பொருள் என்பார்கள், பிடித்துப் போவார்கள். அதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் சலாஹுதீனின் முகம். அவள் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். கனம் தாங்காமல் கயிறு உள்ளங்கையைத் தோலுரித்துக்கொண்டு ஓடியது, அவள் விடவில்லை. கூடை தடதடவென்று இறங்கி அவள் காலடியில் விழுந்தது. இத்தனை வருசமாக அவளை ஆட்டிவைத்த சாமான், பக்கத்தில் பார்த்தால், ஒரு பக்கம் கித்தான் கிழிந்து பிரம்பு தெரிகிற ஒரு பழைய கூடை. அதைத் தொடவே அவளுக்குக் கூசியது. கயிற்றிலிருந்து அவிழ்த்து, துப்பட்டியால் மூடி இழுத்துக்கொண்டு போய் மேட்டுக்குக் கீழே தாழம்புதருக்குள் தள்ளினாள்.

பிறகு கரையில் வந்து உட்கார்ந்தாள். கடல் அப்படியே இருந்தது. ஓலை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழிந்தது. இன்னும் கொஞ்ச நேரமும் கழிந்தது. காற்று இல்லை. வருசக்கணக்கில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் விட்டுப்போனது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் காலை நீட்டிக்கொண்டாள். அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு பயமில்லாமல் அவள் கடலைப் பார்த்தது அந்த ஒரு பொழுதுதான்.

முதல் வள்ளம் கரையேறியது. குருசடிப் பக்கத்துக் கபிரியேல். கிழக்கே திரும்பி வானத்தைப் பார்த்தபடியே இறங்கினான்.

"மத்தவங்க எங்க தம்பி?" என்று கேட்டாள் சுலைகா.

"வந்துட்டுதான் இருந்தோம் அக்கா. கூடையக் கண்டு எல்லாரும் வலைய வாரிட்டோம். பாதி தூரம் வந்து பாத்தா மரத்துல கூடையக் காணல்ல. இறக்கிட்டான், காத்து இல்லண்ணுட்டு உங்க வீட்டுக்காரரும் செல்வதாஸ் அண்ணனும் திரும்பவும் தெக்கோட்டு போயிட்டாவ. நல்ல மீன் பாடு இண்ணைக்கு. எனக்குத்தான் வள்ளத்துல தண்ணி ஏறிச்சுண்ணு வந்துட்டேன்."

சுலைகாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வெறும் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். வந்துகொண்டிருந்தார்கள். கூடையைக் கண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தென்னை ஓலை ஒன்று திரும்பியது. பிறகு எல்லா ஓலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பின. கிழக்கே அடிவானம் ஈயம்போலக் கறுத்திருந்தது. கூடை இல்லாத மரத்தின்மேல், வெறும் மரத்தின்மேல், காற்று வந்து மோதியது.

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. தாழம்புதருக்கு ஓடினாள். முள் கிழித்தது. கூடையை இழுத்துக்கொண்டு மேடேறியபோது காற்று அதைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளியது. சவுக்கை முற்றத்தில் தங்கப்பன் வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்து நின்றான். தான் கட்டிய முடிச்சுதான் அவிழ்ந்துவிட்டது, வேலை போயிற்று, பிள்ளைகுட்டி நடுத்தெருவுக்கு வந்தாயிற்று என்று நடுங்கிக்கொண்டிருந்தவன், கூடையோடு வருகிறவளைக் கண்டான். அவளுடைய கிழிந்த கையைக் கண்டான். உடனே கூடையை வாங்கிக் கயிற்றில் கட்டினான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஏற்றினார்கள். மழை முகத்தில் அறைந்தது. ஏறு, ஏறு என்று சுலைகா அந்தக் கூடையைக் கெஞ்சிக்கொண்டே கயிற்றை இழுத்தாள். உச்சியில் போய் நின்றதும் கயிற்றை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கப்பன் முடிச்சுப் போட்ட பிறகும் விடவில்லை.

"பாப்பாவளா அண்ணே? மழையில தெரியுமா?"

தங்கப்பன் கண்ணுக்குமேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தான்.

மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின; இருட்டுவதற்குச் சற்று முன் அபுதாஹிரும் வந்து சேர்ந்தான். வள்ளத்தில் துடுப்பு ஒன்றுதான் மிச்சம், வலை போய்விட்டது. கரையில் இறங்கி நாலடி வைத்து மணலில் அப்படியே குப்புற விழுந்தான். சுலைகா அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது அவன் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். அதுவரை அவன் பயந்து அவள் பார்த்ததில்லை.

"கூடை இறங்கிச்சுண்ணு போனோம் சுலைகா," என்றான். "பொறவு மழைக்கு நடுவுல ஒரு மின்னல் வெட்டுக நேரம் தெரிஞ்சது, உச்சியில. நான் திருப்பிட்டேன். செல்வதாஸ் இன்னும் தெக்கே நிண்ணான். கூப்பிட்டேன். கேட்டுதோ இல்லியோ."

செல்வதாஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வள்ளத்தின் பலகை ஒன்று முட்டத்துப் பக்கம் ஒதுங்கியதாகச் செய்தி வந்தது.

அதன்பிறகு சுலைகாவின் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு பயந்தால் ஊரெல்லாம் சொல்லித் தீர்ப்பாள். இது சொல்ல முடியாத பயம். தங்கப்பன் மூச்சுவிடவில்லை, சொன்னால் அவன் காவலை விட்டுப்போனதும் வெளியே வரும். அபுதாஹிர், கயிறு அவிழ்ந்துதான் கூடை விழுந்திருக்கும், யாரோ நல்லவன் திரும்ப ஏற்றியிருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சோறு பிசைந்த கை வாய்க்குப் போகாது. கூடை காற்றைக் கொண்டுவரவில்லை என்று அந்தக் கரையிலேயே அவள் ஒருத்திக்குத்தான் சந்தேகமில்லாமல் தெரியும். கூடை இல்லாமலே காற்று வந்ததை அவள் மரத்தடியில் நின்று கண்டாள். கூடை கொண்டுவந்தது ஆட்களை. அந்த வேலையைத்தான் அவள் நடுவில் நிறுத்திவிட்டாள்.

செல்வதாஸுக்குக் குருசடியில் பூசை வைத்து முடித்த மறுநாள், வானம் தெளிந்து வள்ளங்கள் மறுபடி இறங்கின. கடன் வாங்கிய வலையோடு அபுதாஹிரும் போனான். போகாமல் எப்படிச் சாப்பிடுவது?

முற்பகலில் கரை முழுவதும் பெண்கள் கூடிவிட்டார்கள். முன்னால் ஞானசெல்வி, கறுப்புச் சேலை, கையில் தென்னை மட்டை வெட்டுகிற வெட்டுகத்தி. பின்னால் வந்தவர்களின் கையிலும் கோடாலியும் மண்ணெண்ணெய்ப் புட்டியும் இருந்தன. நேரே சுலைகாவின் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் வந்தார்கள்.

"வா சுலைகா," என்றாள் ஞானசெல்வி.  "நீதான் ஆதி முதலே சொன்ன. நாங்க கேக்கல்ல. அந்த நாசமா போன கூடைய எரிச்சு, மரத்தையும் வெட்டிச் சாச்சுட்டுதான் இண்ணைக்கு வீட்டுக்குப் போவோம். இனி ஒருத்திக்கும் எனக்க கதி வரப்பிடாது."

சுலைகா எழுந்தாள். எழுந்தது காலா, பயமா என்று தெரியாது. கூட்டம் அவளைத் தன்னோடு நடத்திக்கொண்டு போயிற்று. சொல்லாதே என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. மரத்தை வெட்டட்டும், உனக்கென்ன, கூடையோடு சேர்ந்து எல்லாம் எரிந்துபோகும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. சவுக்கை முற்றத்தில் தங்கப்பன் கதவோரமாக ஒதுங்கி நின்று அவளையே பார்த்தான். 

ஞானசெல்வி கொடிமரத்தின் அடியில் கத்தியை ஓங்கினாள். முதல் வெட்டில் ஒரு சிலாம்பு தெறித்து விழுந்தது. சுலைகா கடல் பக்கம் திரும்பினாள். வெகுதூரத்தில் புள்ளி புள்ளியாக வள்ளங்கள். அதில் எது அபுதாஹிருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளை மறுநாளோ அடுத்த மாசமோ மறுபடி காற்று வரும். யாரும் ஏற்றாமலே வரும். அன்று அவன் திரும்பிப் பார்க்கும்போது இந்த மேடு வெறுமனே இருக்கும்.

ஓங்கிய கையை அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்க அக்கா. கூடை காத்தைக் கொண்டுவரல்ல."

"இத நீயா சொல்லுத?"

"அண்ணைக்கு காத்து வரும்போ கூடை மரத்துல இல்ல. கீழ தாழைக்குள்ள கெடந்தது."

"தாழைக்குள்ளயா? நீ எங்க போய்க் கண்ட?"

 சுலைகா, காய்ந்து தோல் சுருண்டிருந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"நான்தான் கயித்த அவுத்து இறக்கினேன். நான்தான் கொண்டு போட்டேன். இறக்கினா காத்து வராதுண்ணு நினைச்சேன் அக்கா. எனக்க மாப்பிளைக்கு ஒண்ணும் வரப்பிடாதுண்ணு நினைச்சேன்."

 ஞானசெல்வி அவள் கைகளைப் பார்த்தாள், கொடிமரத்தின் உச்சியைப் பார்த்தாள், மறுபடி கைகளைப் பார்த்தாள். அந்த வெட்டுகத்தி தன்மேல் விழும் என்றே சுலைகா நினைத்தாள். 

"கூடை உச்சியில இருக்கும்போ," என்று மெதுவாகக் கேட்டாள் ஞானசெல்வி, "அவரு அதக் கண்டாரா?"

"கண்டாவ அக்கா."

"கண்டு?"

"வந்துட்டு இருந்தாவ," என்றாள் சுலைகா.

ஞானசெல்வி கத்தியை மணலில் போட்டுவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கலைந்து போனார்கள். சுலைகா போகவில்லை, போக அவளுக்குத் தைரியம் இல்லை. வள்ளங்கள் கரையேறும் வரை இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அபுதாஹிர் வந்து சுலைகாவைக் கூப்பிட்ட பிறகும் ஞானசெல்வி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.